மஞ்சள் தண்ணீர் ஊற்றிய இடம்

ஜூன் 11, புதன். டூங்காபி, சிட்னி

மழை. எட்டு டிகிரி. ஹீட்டர் அம்மாவின் அறையில் மட்டும்.

பெட்டி கட்டல், மூன்றாவது தடவை. குளிர்ப்பெட்டிக் கதவில் அம்மாவின் பட்டியல்: கூறைச்சேலை. தாலிக்கொடி (கைப்பையில்). மஞ்சள் தூள். குங்குமம். திரி. சின்னக் குத்துவிளக்கு. வெற்றிலை. சுண்ணாம்பு.

கடைசி இரண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. வெற்றிலை வாடிவிடும். சுண்ணாம்பை வெட்டியது அப்பா. "வெள்ளைத் தூளைப் பொலித்தீனில கட்டிக்கொண்டு பிளேன் ஏறு. கலியாணத்தை இத்தாலிப் பொலிஸ் ஸ்டேசனிலயே வைக்கலாம்."

"சுண்ணாம்பு இல்லாமல் ஆலாத்தித் தண்ணி சிவக்காதப்பா," என்றார் அம்மா, ஆரத்தித் தட்டின் கவலையில்.

"மஞ்சளாவே சுத்துங்கோ. மாப்பிள்ளைக்குக் கண் தெரியும்தானே, நிறம் தெரிய வேணுமோ?"

கல்யாணம் சிந்து அக்காவுக்கு. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டொக்டர். மாப்பிள்ளை கௌதமும் டொக்டர். இடம் சிசிலித் தீவில் ஒரு பழைய பண்ணை மாளிகை. இருபத்தெட்டுப் பேர். சிட்னியில் வைத்தால் அறுநூறு பேர். அறுநூறு பேரைக் கூப்பிடாமல் இருக்க ஒரே வழி, அறுநூறு பேர் வர முடியாத இடத்தில் வைப்பது. நல்ல நாள் பார்த்தது பஞ்சாங்கத்தில் அல்ல, ஆஸ்பத்திரி ரோஸ்டரில்.

மாளிகையிலிருந்து விதிகள் வந்துள்ளன, இரண்டு பக்கம். திறந்த நெருப்பு கூடாது (கோடைக் காட்டுத்தீ). அரிசி, பூ, நிறப்பொடி எறியக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. ஆக, ஓமம் இல்லை, ஐயர் இல்லை. கௌதமின் மாமா போனைப் பார்த்து மந்திரம் சொல்வார்.

இன்று பரமட்டா வக்கீல் அலுவலகத்தில் லீவுக்கு முந்திய கடைசி நாள். ஒரு அங்கிளின் அகதி வாக்குமூலத்தை ரைப் செய்து முடித்தேன். தன்னை ஏற்றிப் போனது முதல் பேட்டியில் லொறி என்றவர், இரண்டாவதில் வான் என்றுவிட்டார். அதை விளக்க நான்கு பக்கம். வக்கீல் எனக்கு முதல் நாளே சொன்னது: முதலில் சொன்னதுதான் சொன்னது. பிறகு சொல்வதெல்லாம் மாற்றிச் சொல்வது.

சொக்ஸ் மறக்காதே. வலி மாத்திரை.

ஜூன் 13, வெள்ளி. சிசிலி

முப்பத்து நான்கு டிகிரி. ஆபிரிக்கப் பக்கமிருந்து காற்று. முடி உலர்த்தும் மெஷினை முகத்துக்குப் பிடித்த மாதிரி.

பலர்மோ விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். சுற்றிவரக் கற்சுவர், ஒரே ஒரு பெரிய வாசல், நடுவில் முற்றம், கிணறு. வாசலுக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டம். முந்நூறு வருடப் பழையது. ஒரு பிரபுவின் குடும்பம் இருந்தது, பிறகு ஆடுகள் இருந்தன, இப்போது நாங்கள்.

என் அறையின் பெயர் 'ஒலிவ் பறிப்பவர்கள்'. வேலைக்காரர் படுத்த இடம். அறுவடைக் காலத்தில் நாற்பது பேர் வைக்கோலில் படுப்பார்களாம். அறிமுகப் புத்தகத்தில் இதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு குளியல் தொட்டி. நாற்பது பேருக்குக் கிடைக்காத குளியல் எனக்கு. குளித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் ஆத்திரம்.

முற்றத்தில் ஒரு மணி. அந்தக் காலத்தில் விடிய நாலு மணிக்கு வேலைக்கு எழுப்பிய மணி. இப்போது கோப்பி வேண்டுமானால் அடிக்கலாம்.

மாலையில் துவாய் கொண்டு வந்த பெண், அம்மா என்னைச் "செருப்பைக் கழட்டு" என்று ஏசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நீல யூனிபோம், சின்னப் பொட்டு.

"நீங்கள் தமிழோ?"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "ஓம் தங்கச்சி. ஊரில எவ்விடம்?"

ரஞ்சினி. ரஞ்சி அன்ரி. நாற்பத்தொன்பது வயது. பலர்மோவில் வீடு. இங்கே ஆறு வருடமாக அறைகள், துணி துவைப்பு, திறப்புக் கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. பலர்மோவில் நிறையத் தமிழராம். ஒரு மலைக் குகையில் கிறிஸ்தவப் பெண் புனிதர் ஒருவர், ஞாயிறுகளில் சைவச் சனம் வெறுங்காலோடு ஏறிப் போய்க் கும்பிடுகிறதாம். "அவ ஆற்ற கடவுளெண்டு அவ கேக்கிறேல்லை, நாங்களும் சொல்லுறேல்லை," என்றார்.

அம்மா ஊர் விசாரித்தார், ஆளை விசாரித்தார், ஒரு தூரத்துச் சொந்தம்கூடக் கண்டுபிடித்தார். ஒரு மணி நேரம் கழித்து மாமிக்கு (கௌதமின் அம்மா) சொல்லும்போது 'தங்கச்சி' போய் 'இஞ்ச கூட்டித் துடைக்கிற பிள்ளை' ஆகிவிட்டது. மாமி கேட்டதும் அதைத்தான்: "கூட்டுறவவோ?"

ஜூன் 14, சனி

காலையில் மனேஜர் பவுலா சுற்றிக் காட்டினார். ஐம்பது வயதிருக்கும், லினன் சட்டை, ஒவ்வொரு கல்லையும் சொந்தப் பிள்ளை மாதிரித் தடவுகிறார். பிடிக்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் வேலையை விரும்பிச் செய்கிற ஆள்.

வாசல் சுவர்தான் அவரின் உயிர். சீமெந்து தொடாமல் பழைய முறையில், நீற்றிய சுண்ணாம்பும் இடித்த ஓடும் குழைத்து இந்த வசந்தத்தில் பூசியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தொல்பொருள் அலுவலர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். எல்லோரும் "வாவ்" என்றார்கள். அந்த வாவ்களுக்குப் பின்னால் ரஞ்சி அன்ரி கதிரைகளை நான்கு நான்காக அடுக்கித் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் ஆலாத்தி மகாநாடு. அம்மா, மாமி, வெட்டிய வாழைப்பழம் ஒன்று. பழத்துண்டில் திரி வைத்துக் கொளுத்தி, தட்டில் சிவப்புத் தண்ணீரோடு மாப்பிள்ளையைச் சுற்றி, கண்ணூறு போகத் தண்ணீரை வெளியே ஊற்ற வேண்டும். பிரச்சினை ஒன்று: சுண்ணாம்பு இல்லை. பிரச்சினை இரண்டு: நெருப்புக் கூடாது.

"நேத்துச் சொல்லியிருந்தா பலர்மோச் சந்தையிலயே வாங்கியந்திருப்பன்," என்றார் ரஞ்சி அன்ரி. "வெத்திலை, சுண்ணாம்பு, முருங்கைக்காய், எல்லாம் இருக்கு."

"இத்தாலியில முருங்கைக்காய் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்," என்றார் மாமி, ரஞ்சி அன்ரி ஒளித்து வைத்த மாதிரி.

நெருப்பை அவரே சரிக்கட்டினார். பவுலாவிடம் போய் இத்தாலியனில் பேசிவிட்டு வந்தார். "மூண்டு திரி மட்டும். இரும்புத் தட்டு. பக்கத்தில ஒரு வாளி தண்ணி. எல்லாத்துக்கும் நான் பொறுப்பெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அம்மா: "அது போதும்."

நன்றி என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. நானும்.

துணி துவைக்கும் அறையில் அவரோடு கொஞ்ச நேரம் பேசினேன். தொழில் புத்தி, விசாப் பேப்பரைப் பற்றித்தான் கேட்டேன். பன்னிரண்டு வருடம் இருந்தும் நிரந்தர அனுமதி இல்லை. நடுவில் நான்கு வருடம் வீடுகளில் பதிவில்லாத வேலை. அந்த நான்கு வருடமும் கணக்கில் இல்லாத வருடங்கள். இலையுதிர் காலத்தில் தற்காலிக அனுமதி முடிகிறது. புதுப்பிக்க அடுத்த வருட வேலை ஒப்பந்தம் வேண்டும். பவுலா இந்த மாதம் அந்தப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறார். கணவருக்கு முதுகில் ஒப்பரேசன், வீட்டில். மகள் தாதிப் படிப்பு, இரண்டாம் வருடம்.

"என்னைப் போடுவா. ஆறு வருசம் ஒரு கரண்டி துலையேல்லை," என்றார்.

ஜூன் 15, ஞாயிறு. கல்யாணம்

காலையிலேயே முப்பத்திரண்டு. ப்ளவுஸ் இறுக்கம். அக்கா அழகு.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். திரி திரித்தது, பழம் வெட்டியது, மஞ்சள் கரைத்தது எல்லாம் ரஞ்சி அன்ரி. படமெடுக்கும் நேரத்தில் மாமி மெதுவாக, "கொஞ்சம் அங்கால நில்லும். யூனிபோம் படத்தில விழும்." அவர் வாளியோடு தள்ளி நின்றார்.

அம்மாவும் மாமியும் சுற்றினார்கள். தண்ணீர் வெறும் மஞ்சள். அம்மா முகத்தில் குறை. தட்டை என்னிடம் தந்து, "ஊத்திப்போட்டு ஓடி வா, படம் எடுக்கப் போறாங்கள்."

ரஞ்சி அன்ரியிடம் எங்கே என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதி வைக்க வேண்டும். அவர் தெளிவாகச் சொன்னார்: "வெளியில போய் எலுமிச்சை மரத்தடியில ஊத்துங்கோ பிள்ளை. மண் குடிச்சிடும்."

மரம் நாற்பது அடி தூரம். குதி உயர்ந்த செருப்பு, சரளைக்கல், சேலை. பின்னால் படக்காரன் "சிஸ்டர் எங்கே" என்று கத்துகிறான். வாசலைத் தாண்டியதும் சுவரோரமாகத் தட்டைச் சரித்தேன். தண்ணீர் சுவரில் அடித்து முழங்கால் உயரத்துக்குத் தெறித்தது.

மஞ்சளாகப் போனது பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. முதலில் செம்மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு ஆடு வெட்டிய மாதிரி. புதுச் சுண்ணாம்புச் சுவர் அல்லவா.

அம்மா எட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பாத்தியே. சுண்ணாம்பு இல்லாமலே சிவந்திட்டுது. என்ர பிள்ளைக்கு இனி ஒரு குறையும் வராது."

சுண்ணாம்பு எதில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. நல்ல நாள்.

மாமாவின் மந்திரம் நடுவில் நின்றது. போனில் காப்புறுதி விளம்பரம். ஐந்து விநாடி எல்லோரும் கைகூப்பியபடி அதைக் கேட்டோம். பிறகு தாலி. எனக்கும் கண் எரிந்தது. கற்பூரப் புகை என்று எழுதலாம், கற்பூரம் கொளுத்தவில்லை.

சாப்பாடு: கத்தரிக்காய், வாள்மீன், பிஸ்தா ஐஸ்கிரீம். அம்மா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள்.

ஜூன் 16, திங்கள்

காற்று நின்றுவிட்டது. அசையாத வெயில்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முற்றத்தில் காலைச் சாப்பாடு. நீண்ட மேசை, பன்னிரண்டு பேர். பவுலா வாசல் பக்கமிருந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. கோபமாகப் பேசவில்லை. சுவரில் ஏதோ சாயம் ஊற்றப்பட்டிருக்கிறது, நாளைக்கு அலுவலர் வருகிறார், என்ன திரவம் என்று தெரிந்தால்தான் சுத்தம் செய்யலாம், யாருக்காவது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் வாயில் ரொட்டி, அப்ரிகொட் ஜாம்.

சிந்து அக்கா என்னைப் பார்க்கவில்லை. யார் ஊற்றியது என்று அவளுக்குத் தெரியாது; அவள் அப்போது உள்ளே கண்ணாடி முன்னால். ஆனால் ஏதாவது சொல்லி மேசையைச் சமாதானமாக்க வேண்டும், அது அவள் பழக்கம். "ஐ திங்க் உங்கட ஸ்டாஃப் தான் அந்தப் பார்ட்டுக்கு ஹெல்ப் பண்ணினது," என்று அரை ஆங்கிலத்தில் தொடங்கி, பவுலாவுக்காக முழு ஆங்கிலத்தில் இன்னொரு தடவை சொன்னாள்.

எல்லோரும் திரும்பினார்கள். ரஞ்சி அன்ரி கோப்பிக் கேத்தலோடு நின்றார். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு இத்தாலியனில் இரண்டு சொல். அதற்கு இத்தாலியன் தெரியத் தேவையில்லை. நான்தான் என்றார்.

பவுலா தாழ்ந்த குரலில் நாலைந்து வசனம். ரஞ்சி அன்ரி தலையாட்டினார். கேத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ரொட்டியை விழுங்கினேன். வாய் காலி. பேசியிருக்கலாம்.

அம்மா தமிழில், சிரித்த முகம் மாறாமல்: "விடு. அவவே சொல்லிப்போட்டா. கலியாண வீட்டில ஒரு கதையும் வேண்டாம்."

நான் பேசாததற்குக் காரணங்கள். அக்காவின் முகம் பன்னிரண்டு பேர் முன்னால் விழும். மாமி வீட்டார் இருந்தார்கள். கல்யாணத்துக்கு அடுத்த நாள். மூன்று காரணமும் சரியானவை, மூன்றும் காரணம் இல்லை. பயம். சின்னப் பிள்ளை கண்ணாடி உடைத்த பயம். இதே வாயால்தான் டூங்காபியில் சாப்பாட்டு மேசையில் முதலாளி, தொழிலாளி என்று எல்லோருக்கும் வகுப்பு எடுக்கிறேன்.

பதினொரு மணிக்கு என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ரஞ்சி அன்ரி முழங்காலில் இருந்து தேய்க்கிறார். சவர்க்காரம் போட்டிருக்கிறார் போல, இன்னும் சிவந்தது. கீழே போகவில்லை. திரையை இழுத்து விட்டேன், வெயில் என்று.

மாலையில் எல்லோரும் கடலுக்கு. நானும் போனேன்.

ஜூன் 17, செவ்வாய்

அலுவலர் வந்தார். ஒல்லி ஆள், தோளில் பை. சுவரைப் பார்த்தார், விரலால் தொட்டார், படம் எடுத்தார், கையெழுத்து வைக்காமல் போனார். இன்னொரு நாள் வருவாராம். பவுலா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டில் சிந்து அக்கா ஒரு செய்தியாகச் சொன்னாள். பவுலா மன்னிப்புக் கேட்டாராம், எங்களுக்குச் சங்கடம் ஏற்பட்டதற்கு. கவலைப்பட வேண்டாம், அடுத்த வருடப் பட்டியலில் அந்த ஊழியரைப் போடும் யோசனை இல்லை என்றாராம். எங்களுக்கு ஆறுதலாக.

"ஷீ வாஸ் ஸோ ஸ்வீட் அபவுட் இட்," என்றாள்.

நான் சொன்னேன், ஊற்றியது நான் என்று. அம்மா, அப்பா, அக்கா, கௌதம் மட்டும் இருந்தார்கள்.

சிந்து: "தென் வை டிடின்ட் யூ ஸே ஸோ?"

"நீ ஏன் ஸ்டாஃப் எண்டனீ?"

"எனக்குத் தெரியாதே நிரூ. நீ பக்கத்தில இருந்தனீ. உனக்குத் தெரியும்."

அவள் சொன்னது சரி.

அம்மா: "உனக்கு உலகத்தில இருக்கிற எல்லாற்ற வழக்கும் வேணும். நாங்கள் நாளையிண்டைக்குப் போறனாங்கள். அவ எங்களுக்கு ஆர்?"

"வெள்ளிக்கிழமை சொந்தக்காரி எண்டனீங்கள்."

"தூரத்துச் சொந்தம்," என்றார் அம்மா.

அப்பா ஒலிவ் கொட்டைகளைத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு எல்லோரும் படுத்த நேரம், அறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அலுவலகப் பழக்கம்: பெயர், வயது, நான் நேரில் கண்டதும் செய்ததும் பின்வருமாறு. பதினேழு வரி. எங்கே ஊற்றச் சொன்னார், எங்கே ஊற்றினேன், ஏன் பேசவில்லை. கடைசி வரியில், இதனால் ரஞ்சினியின் வேலைக்கு எதுவும் ஆகக் கூடாது என்று. நல்ல வாக்குமூலம். ஒரு சொல் கூடவில்லை.

பவுலா பலர்மோ போய்விட்டார், நாளைக் காலை ஒன்பதுக்கு வருவார். உறையில் அவர் பெயர் எழுதி அலுவலகக் கதவின் கீழால் தள்ளினேன்.

இரண்டு நாளில் முதல் தடவை பசித்தது. பீச் பழம் இரண்டு.

ஜூன் 18, புதன்

ஏழு மணிக்குத் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். சொல்லப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் போனேன். அதையும் எழுத வேண்டும். நன்றியை எதிர்பார்த்துப் போனேன்.

ரஞ்சி அன்ரி விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கடிதம் வைத்துவிட்டேன், இனிப் பயப்பட வேண்டாம் என்றேன்.

மடிப்பு நின்றது.

"எங்க வைச்சனீர்?"

அதுவரை நீங்கள். இப்போது ஒரு படி கீழே, நீர்.

"ஒஃபிஸ் கதவுக்குக் கீழால."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

"அன்ரி, அது உண்மைதானே. உங்களை லிஸ்டில போட மாட்டாவாம். அதுதான்..."

"திங்கக்கிழமை அந்த மேசையில இருந்து சொல்லியிருந்தா உம்மைக் கும்பிட்டிருப்பன். நீர் பாணைச் சப்பிக்கொண்டு இருந்தனீர். நான் பாத்தனான்." விரிப்பை உதறி மறுபடி மடித்தார். "இப்ப அந்தக் கடிதத்தை வாசிச்சா அவவுக்கு என்ன விளங்கும்? ரஞ்சி தன்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னவள். தண்ணி ஊத்தினவளில ஒரு மாசம் கோவிப்பா. பொய் சொன்னவளிட்டத் திறப்புக் குடுப்பாவோ? பதினெட்டு அறையின்ர திறப்பு என்னட்ட இருக்கு, பிள்ளை."

"அப்ப ஏன் அன்ரி நீங்கள் எண்டு சொன்னனீங்கள்?"

"உம்மட அக்கா சொல்லிப்போட்டா. அதுக்கு மேல நான் இல்லையெண்டா, விருந்தாளி பொய் சொன்னதெண்டு வரும். இஞ்ச விருந்தாளி பிழை விடுறேல்லை. அதோட, நான் பொறுப்பெண்டு முதல் நாளே சொன்னனான். ஆர் ஊத்தினாலும் அது என்ர தண்ணிதான்."

லிஸ்டில் போட மாட்டேன் என்றாரே என்று மறுபடி சொன்னேன்.

"அவ கோவத்தில சொல்லுவா. மாசம் முடிய இன்னும் நாள் கிடக்கு. அவவை எப்பிடிச் சரிக்கட்டுறதெண்டு ஆறு வருசமா எனக்குத் தெரியும். உமக்கு நாலு நாளாத் தெரியும்."

வேலைக்கு வந்த முதல் நாள் வக்கீல் சொன்னது எனக்குத் தெரியாததா? முதலில் சொன்னதுதான் சொன்னது. எல்லாக் கட்சிக்காரருக்கும் தெரிந்து வைத்திருப்பதை இவருக்கு மறந்தேன். கட்சிக்காரரைக் கேட்காமல் கடிதம் போட்டதற்கு அலுவலகத்தில் வேலையை விட்டே நிறுத்துவார்கள்.

ஏழே முக்கால். இருவரும் அலுவலகத்துக்கு நடந்தோம். அவர் கொத்திலிருந்து ஒரு திறப்பைத் தெரிந்து கதவைத் திறந்தார். உறை தரையில், உள்ளே இரண்டு அடி தள்ளிக் கிடந்தது.

நான் அவரைப் பார்த்தேன்.

"நான் தொடமாட்டன்," என்றார். "அவவின்ர பேர் எழுதின கடிதம். நீர் வைச்சது, நீர் எடும்."

உள்ளே போய்க் குனிந்து எடுத்தேன். அவர் கதவைப் பூட்டி, ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"இனி ஒண்டும் செய்யாதேயும். கோப்பி குடிச்சனீரோ?"

இல்லை என்றேன்.

"போய்க் குடியும். நான் விரிப்பு மாத்த வாறன்."

உறையைக் குளியலறையில் வைத்துக் கிழித்தேன். பதினேழு வரி, பதினாறு துண்டு.

ஒன்பதுக்கு பவுலா வந்தார். காலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

புறப்பாடு. மெல்லிய முகில். சுவரில் சிவப்பு பெரும்பாலும் போய்விட்டது. மூன்று நாள் வெயில். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், தேநீர் சிந்தியது போல.

பவுலா வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எலுமிச்சை ஜாம் போத்தல் தந்தார். சுவர் தப்பியதில் முகம் தெளிவு. அக்காவிடம், ரஞ்சியைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன் என்றார். ரஞ்சி கேட்டவுடன் பிழையை ஒத்துக்கொண்டாள், அப்படியான ஆட்கள் குறைவு, ஆனாலும் விருந்தாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு எடுப்பேன். வீட்டுக்குப் போய் எங்களைப் பற்றி இணையத்தில் எழுதுவீர்கள்தானே?

"அஃப்கோர்ஸ்," என்றாள் சிந்து.

ரஞ்சி அன்ரி பெட்டிகளை வானுக்கு இழுத்து வந்தார். அப்பா மட்டும் போய் ஒரு பக்கம் பிடித்தார். அம்மா உடுத்தாத ஒரு புதுச் சேலையைக் கொடுத்தார், நல்ல சேலைதான். ரஞ்சி அன்ரி வாங்கிக்கொண்டார். என் போனை வாங்கித் தன் நம்பரை அடித்துத் தந்தார். "மகளின்ர படிப்புக்கு அவுஸ்ரேலியாவில என்னென்ன வேணுமெண்டு பாத்துச் சொல்லுங்கோ." மறுபடி நீங்கள்.

விமானத்தில், துபாய்க்கு முன்னால் எங்கேயோ, அம்மா உறக்கம். அப்பா முன்னால் உள்ள திரையில் வரைபடத்தைப் பார்த்தபடி, "நீ ஊத்தினதைப் பாத்தனான்," என்றார்.

"ஏனப்பா அப்ப சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாயெண்டு இருந்தனான்."

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய். டூங்காபி

பனி. காரின் கண்ணாடி வெள்ளை. இரண்டு நாளாக அலுவலகம். லொறி, வான் அங்கிளுக்கு இன்னும் பதில் வரவில்லை. உடுப்பு தோய்க்க வேண்டும். ஜாம் போத்தல் பெட்டிக்குள் உடைந்திருக்கிறது.

காலை ஆறரைக்கு சிந்துவின் மெசேஜ். மாளிகையைப் பற்றி இணையத்தில் போட எழுதியிருக்கிறாள், இங்கிலிஷ் பார்த்துத் திருத்தட்டாம், "நீதானே எழுதுற ஆள்". ஐந்து பந்தி. சுவர், எலுமிச்சை, பவுலா. நான்காவது பந்தி இப்படி: ஒரு ஊழியர் எங்கள் சடங்குக்கு உதவும்போது தவறுதலாகச் சுவரில் கறை படுத்திவிட்டார். மனேஜர் கேட்டதும் ஒரு கணமும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். இத்தகைய நேர்மையான மனிதர்கள் இருப்பதுதான் அந்த இடத்தின் உண்மையான செல்வம்.

இரண்டு தடவை வாசித்தேன். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறாள். உதவி என்று நினைத்தா, மறந்தா, கேட்கவில்லை.

இந்த முறை முதலில் கேட்டேன். அந்தப் பந்தியைத் தமிழில் எழுதி ரஞ்சி அன்ரிக்கு அனுப்பினேன். எடுக்கச் சொல்லட்டுமா? அங்கே முந்தைய இரவு பத்தரை.

உடனே குரல் மெசேஜ். பின்னால் ரீவி ஓடுகிறது.

"எடுக்க வேண்டாம் பிள்ளை. வடிவா எழுதியிருக்கிறா. 'ஒரு ஊழியர்' எண்டு கிடக்கு, அதில மட்டும் என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. பவுலா உதெல்லாத்தையும் வாசிக்கிறவ. ரெண்டு பேர் வேலை செய்யிறம், மற்றவவின்ர பேருக்குப் போயிடக் கூடாது."

'ஒரு ஊழியர்' என்பதை அழித்தேன். ரஞ்சினி என்று போட்டேன். வேறு ஒரு எழுத்தும் தொடவில்லை.

அக்காவுக்கு அனுப்பினேன். 7.12.